பாக்கி நோட்டு

தேன்கனிக்கோட்டையில்
உரக்கடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
யூரியா வாடையில் உட்கார்ந்துதான்
கம்பெனிகளைத் தயார் செய்கிறேன்.

கம்பெனி என்றால்
ஒரு டிவிஎஸ் எக்ஸெல், இரண்டு ஏணி,
இழை ஒட்டும் மெஷின், அதன் மேல் பதினோரு தவணை,
அஞ்செட்டியிலிருந்து வந்திருக்கும் சிக்கம்மா.
கொழுந்தனிடம் லைனை விலைக்கு வாங்கியவள்.
கம்பம் ஏறப் பையன் வராத நாளில்
தானே ஏறுகிறவள்.

அகலக்கற்றை மானியம்.
விண்ணப்பம் அறுபத்திரண்டு பக்கம்.
வெள்ளி மாலை ஐந்து மணிக்கு
கதவடைத்துவிடும் இணையதளம்.

மூன்று வருஷக் கணக்கு எங்கே என்றேன்.
மஞ்சள் பையிலிருந்து
ஒரு எல்.ஐ.சி. டைரி வந்தது.

தொட்டமஞ்சு மாதப்பன், ரெண்டு மாசம்:
ராகி அறுத்ததும்.
உரிகம் டீக்கடை: புளி வித்ததும்.
நர்ஸம்மா: கேக்க வேண்டாம்.
இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.

வராக்கடன் என்று தள்ளிவிடலாம்
என்றார் ஓசூர் ஆடிட்டர், போனில்.
"தள்றதா?
ராகி இன்னும் பச்சையா நிக்குது சார்."
நான் அதை
வரவேண்டியவை என்ற தலைப்பில் எழுதினேன்.
ஆடிட்டர் இருமினார். கையெழுத்துப் போட்டார்.

சேவை எட்டாத குடும்பங்கள் எத்தனை?
மலைமேல் ஒரு ஊர், நாற்பத்தொரு வீடு,
வரைபடத்தில் பச்சை.
பச்சை என்றால் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள்.

போய்ப் பார்த்தோம்.
எக்ஸெல் பாதி தூரம், நாங்கள் மீதி தூரம்.
ஊருக்கு வெளியே ஒரு பாறை,
பாறைமேல் சுண்ணாம்பில் ஒரு வட்டம்.
அதற்குள் நின்றால் ஒரு புள்ளி வரும்.
ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்து
வட்டத்துக்குள் பேசிக்கொண்டிருந்தாள்,
பின்னால் நான்கு பேர் வரிசை.
அரசாங்கத்தின் பச்சை
அந்த வட்டம் அளவுதான்.
நாங்களும் வரிசையில் நின்று
அட்சரேகை தீர்க்கரேகை குறித்துக்கொண்டோம்.

பதினேழாம் கேள்வி: தடங்கலுக்குக் காரணம்.
ஒன்றைத் தேர்ந்தெடு:
புயல், வெள்ளம், தீ, கலவரம், மற்றவை.
போன வருஷம் ஏழு முறை யானை என்றாள்.
கம்பத்தில் முதுகு சொறியும்,
கம்பம் சாயும், ஒயரை ஒன்றும் செய்யாது,
தாண்டிப் போய்விடும்.
மற்றவை என்று அழுத்தினேன்.
"அதைப் போய் மத்ததுன்னு போடறீங்களே"
என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளி மூன்று இருபது.
கல்குவாரி டிப்பர் ஒன்று
தூக்கிய தொட்டியை இறக்காமல் போனதில்
சிக்கம்மாவின் ஒயரோடு
என் மாடியும் ஊமையானது.
பாதி ஏறிய கோப்பு
பாதியில் சுற்றிக்கொண்டே நின்றது.

எதிர்ச் சந்தில் அன்வர் பாஷாவின் கடை.
அதே பதினான்கு ஊராட்சி,
அதே மானியத்துக்கு அவரும் போடுகிறார்.
அவர் கோப்பும் நான் தயாரித்ததுதான்;
இரண்டு பேருக்கும் இது தெரியும்,
இரண்டு பேரும் என்னிடம் கேட்டதில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம்.
பாஷா சிக்கம்மாவைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்,
நாட்காட்டித் தாளைக் கிழித்து
பாஸ்வேர்டை எழுதி நீட்டினார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"பதினேழுக்கு என்ன போட்டீங்க?"
"மற்றவை" என்றாள்.
"நான் கலவரம்னு போட்டுட்டேன்மா."
அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

நான்கு ஐம்பத்தொன்றுக்கு
ஒப்புகை எண் வந்தது, பதினாறு இலக்கம்.
பிரிண்டரில் மை இல்லை.
சிக்கம்மா டைரியைத் திறந்தாள்,
நர்ஸம்மாவைத் தாண்டி, கடைசி வீட்டுக்குக் கீழே,
இருநூற்றுப் பதின்மூன்று என்று போட்டு
எண்ணை ஒவ்வொன்றாக எழுதினாள்.

பெயர்: கவர்மென்ட்.
எப்போது என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
டிப்பர் அறுத்த ஒயரை ஒட்ட
ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.